பரவையில் ஒரு கேசட்

எண்பதுகளின் பின்பாதியில், மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு கலர் டி.வி.யும் ஒரு கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார். டி.வி.யைப் பார்க்கத் தெருவே வந்தது. கம்ப்யூட்டரை யாரும் கண்டுகொள்ளவில்லை. "இது என்ன மாப்ள, டைப்ரைட்டரா?" என்று அண்ணனின் கூட்டாளி ஒருவர் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய கணக்கு நோட்டு அளவுதான் இருக்கும். கறுப்பு நிறம். ரப்பரில் சின்னச் சின்னப் பொத்தான்கள். தனியாகத் திரை கிடையாது, டி.வி.யோடு ஒயரை இணைக்க வேண்டும். எழுதியதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு அதில் பதிந்து வைக்க வேண்டும். அடுத்த தடவை அந்தக் கேசட்டை ஓடவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, எழுதியதைத் திரும்பக் காட்டும்.

அண்ணன் அதை வாங்கியது விளையாட. ஒரு மாதம் நானும் அவரும் அதில் பறக்கும் தட்டுகளைச் சுட்டுத் தள்ளினோம். லீவு முடிந்து அவர் விமானம் ஏறியதும் நான் அதை மறந்தேபோனேன். அண்ணன் மனைவி, என் மதினி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவர் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். எந்தப் புத்தகத்தையும் நடுவில் திறக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. முன்னுரையையும் விடமாட்டார்.

காளவாசலில் கீழ்த்தளத்து வாடகை வீட்டில் அம்மா, மதினி, நான் என்று மூன்று பேர். நான் டவுனில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் மருந்து விட்டு, என்ன குரூப் என்று பார்த்துச் சொல்வது என் வேலையில் ஒன்று.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை. அன்று காலையில் ஒருவர் தன் தம்பிக்கு ரத்தம் தேடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார். நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, "அண்ணே, ஒங்களுக்கு என்ன குரூப்?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தன் குரூப் தெரியவில்லை. கொடுக்க மனசிருந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை. அவர் திரும்பி வந்தபோது தம்பியின் முகத்தை மூடியிருந்தோம்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதினி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒங்க லேப்புல தெனம் எத்தனை பேருக்கு குரூப் பாக்குறீங்க?"

"எட்டு, பத்து பேருக்கு இருக்கும் மதினி."

"பாத்துட்டு?"

"சீட்டு எழுதிக் கையில குடுத்துருவோம். அம்புட்டுத்தான்."

"அதுல நல்லாத் திடமா இருக்கவுககிட்ட, அவசரம்னா வந்து ரத்தம் குடுப்பீங்களான்னு கேட்டா?"

"கேக்கலாம். கேட்டு எழுதி வச்சாலும், அவசரத்துக்கு நோட்டைப் புரட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியாதே. ஆளு ஊரு மாறியிருப்பான். போன மாசம்தான் குடுத்திருப்பான்."

மதினி டி.வி.க்குப் பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். "குரூப்பைச் சொன்னா ஆளைச் சொல்லணும். குடுத்து மூணு மாசம் ஆகலைன்னா அவுகளை விட்டுறணும். இதானே வேணும்?" என்றார். ஏதோ பத்தாம் வகுப்புக் கணக்குப் போல அவ்வளவு எளிதாகச் சொன்னார்.

இரண்டு மாதம் ஆனது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காபி போட்டுக் குடித்து, விளக்கேற்றுகிற நேரம் வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்குப் புரியாத வரிகளை நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, பிறகு பொத்தான்களைத் தட்டுவார். தப்பு வந்தால் கோபப்பட மாட்டார். "எங்கயோ நான்தான் தப்பாச் சொல்லியிருக்கேன்" என்பார். அவர் வகுப்பில் படித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நான் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுமதி வாங்கினேன். லேப்புக்கு வருகிறவர்களில் சம்மதித்தவர்களின் பெயர், விலாசம், குரூப், கடைசியாக ரத்தம் கொடுத்த நாள் எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கண்ணாடித் துண்டுகளையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு மில் வாசலுக்கும், பஸ் டெப்போவுக்கும், பரவை மார்க்கெட்டுக்கும் போக ஆரம்பித்தோம். பரவை மதினியின் பிறந்த ஊர். அங்கே யாரும் டீச்சர் சொல்லைத் தட்டவில்லை.

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. ஒரு சனிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து அறுபது பேர் விவரத்தை மதினி அடித்து முடித்திருந்தார். கேசட்டில் பதிய எழுந்து டேப் ரெக்கார்டரை எடுத்தார். கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. அறுபது பேரும் வரவில்லை.

நான் மின்சாரத்தைத் திட்டினேன். மதினி சிரித்துவிட்டார். "அறுபது வரைக்கும் காத்திருந்தது என் தப்பு. இனிமே பத்துப் பத்தாப் பதியணும்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அறுபதையும் மறுபடி அடித்தார். பத்துப் பேருக்கு ஒருதரம் பதிந்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நான் லேப்பில் மைக்ராஸ்கோப்பைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. காளவாசல் பஸ்கள் கிளப்புகிற புழுதி ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் படியும். பழைய பாவாடைத் துணியில் அளவெடுத்து உறை தைத்தார். சூடு தாங்காமல் அது நின்றுபோவதைக் கவனித்து, பின்பக்கம் இரண்டு காலித் தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்துக் காற்றோட்டம் விட்டார். டி.வி.க்கு வாங்கிய ஸ்டெபிலைசரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இம்புட்டு வெலை குடுத்து வாங்குன டி.வி. என்னாகும்?" என்றார். "டி.வி. போச்சுன்னா படம்தான் போகும் அத்தே" என்றார் மதினி. பொத்தான்களின் இடுக்கில் ஒருதரம் எறும்பு புகுந்தது. அதிலிருந்து மேசைக்கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. அந்த மேசைக்குப் பக்கத்தில் யாரும் காபி டம்ளரோடு போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டமானது. அதை மீறியது நான் மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு முறை.

கேசட் பற்றி அவருக்குப் பாடம் சொன்னவர் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். என் வயதுதான் அவருக்கு. மதினி முதல் தடவை போனபோது, "பாட்டு எரையுதா டீச்சரம்மா?" என்று கேட்டிருக்கிறார். "பாட்டு இல்ல பாய், ஆளுக பேரு" என்று சொல்லி, கேசட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார் மதினி. கீச்சென்று ஆரம்பித்துக் கரகரவென்று ஓடும் அந்தச் சத்தம். பாய் காதைப் பொத்திக்கொண்டாராம். பிறகு ஆசை வந்துவிட்டது. ரெக்கார்டரின் ஹெட் என்கிற சின்ன உலோகத் துண்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எப்படித் துடைப்பது, அது ஒரு மயிரிழை சாய்ந்தாலும் சத்தம் மங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் தெரியாமல் எதையும் பதிந்துவிட முடியாது என்பது, எல்லாம் அவர் சொன்னவை. சில மாதங்களில் மதினி அந்தக் கரகரப்பைக் கேட்டே, "இது சரியா ஏறாது, ஹெட்டைத் தொடைக்கணும்" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். பாயே அசந்துபோனார்.

பதிந்ததும் அவர் எழுந்துவிட மாட்டார். கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி ஓடவிட்டு, உள்ளே இருப்பதும் நாடாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று கம்ப்யூட்டரையே ஒப்பிடச் சொல்லுவார். பதிய நாலு நிமிடம், ஒப்பிட நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பதிஞ்சிருச்சுல்ல, விடுங்களேன் மதினி" என்று நான் சொன்னால், "பதிஞ்சிருச்சுன்னு நமக்கு யார் சொன்னா?" என்று கேட்பார்.

மூன்று கேசட். இரண்டு வீட்டில், ஒன்று பரவையில் அவர் அம்மா வீட்டு மர பீரோவில். ஞாயிற்றுக்கிழமை தோறும் புதிதாகப் பதிந்ததை மஞ்சள் பையில் போட்டு பஸ் ஏறிப் பரவைக்குக் கொண்டுபோவார். அங்கே இருந்த பழையதை எடுத்து வந்து, அது சரியாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதன் மேல் அடுத்ததைப் பதிவார். திரும்பத் திரும்பப் பதிய வேண்டியிருந்ததால், பல்லை உடைத்த இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, வேலை முடிந்ததும் பிய்த்துவிடுவார். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

"வீட்டுலயே ரெண்டு இருக்கே மதினி. வாரா வாரம் அம்புட்டுத் தூரம் போகணுமா?"

"வீட்டுலதான் ரெண்டும் இருக்கு" என்றார். நான் சொன்னதையே அவரும் சொன்னார். ஆனால் அர்த்தம் வேறு.

ஒன்றரை வருடத்தில் நானூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் இருந்தும் ஆள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். வாசலில் யாராவது மூச்சிரைக்க நின்று ஒரு குரூப்பைச் சொல்லுவார்கள். மதினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். கேசட் ஓடி முடிந்ததும் டி.வி.யில் இங்கிலீஷ் எழுத்தில் பெயர்கள் வரிசையாக வரும். அதைத் தாளில் எழுதிக் கொடுத்து, "மொதல்ல இவர்கிட்டப் போங்க, மில்லு இப்பத்தான் விட்டிருக்கும்" என்பார். அவர்கள் ஓடிய பிறகு மறுபடி சமையல்கட்டுக்குப் போய்விடுவார். யாரும் திரும்பி வந்து நன்றி சொன்னதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் சனிக்கிழமை மத்தியானம் தெருமுனை வாய்க்கால் பொங்கிவிட்டது. முற்றத்தில் தண்ணீர் தெரிந்த பதினைந்து நிமிடத்தில் கணுக்கால் அளவு. அம்மாவை வீட்டுக்காரர் குடியிருந்த மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழே வந்தேன். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றார். எதிர் வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு ரிட்டயர்டு தபால்காரர் இருந்தார். அவர் மனைவி மட்டும்தான் துணை.

"நான் அவரைப் பாக்குறேன். தம்பி, நீங்க கம்ப்யூட்டரையும் கேசட்டுப் பெட்டியையும் சீட்டுப் பெட்டியையும் மேல கொண்டுபோயிருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

நான் முதலில் டி.வி.யைத் தூக்கினேன். ஏன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதுதான் பெரிதாக இருந்தது, விலை கூடியதாக இருந்தது, கை தன்னால் போனது. கனமான டி.வி. அது. மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி, அதை இறக்கிவைக்க இடம் தேடி, கீழே வந்தபோது தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்த வேகத்தில் மேசை சாய்ந்து கிடந்தது. கம்ப்யூட்டர் உறையோடு தண்ணீருக்குள் இருந்தது. கேசட் பெட்டி திறந்து, இரண்டு கேசட்டும் கட்டிலுக்கடியில் சேற்றில் புதைந்திருந்தன. கைப்பட எழுதிய துண்டுச் சீட்டுகள் அறை முழுக்க மிதந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மை கரைந்து வெறும் நீலம்.

மதினியும் பக்கத்து வீட்டு இரண்டு பேரும் தபால்காரரைக் கட்டிலோடு தூக்கி மாடியில் சேர்த்துவிட்டு வந்தார்கள். மதினியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாய்ந்த மேசையையும் என்னையும் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அவர் மேல பத்திரமா இருக்காரு" என்றார். பிறகு குனிந்து, கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தண்ணீரிலிருந்து எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து வடியவிட்டார். "பரவையில ஒண்ணு இருக்கு."

மறுநாள் தண்ணீர் வடிந்தது. மாடியில் வீட்டுக்காரரின் ஹாலில் மதினி கம்ப்யூட்டரின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். உள்ளே சேறு. "கரண்ட்டை மட்டும் குடுத்துறக் கூடாது. ஈரத்தோட குடுத்தாத்தான் செத்துப்போகும்" என்றார். நல்ல தண்ணீரில் அலசி, நான் லேப்பிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டால் பஞ்சு வைத்து உள்ளிருந்த சில்லுகளின் ஒவ்வொரு கால் இடுக்கையும் துடைத்தார். இரண்டு நாள் ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். பள்ளிக்கூட வகுப்புகளில் தண்ணீர் நின்றதால் லீவு. திங்கட்கிழமை பரவைக்குப் போய் அந்த ஒற்றைக் கேசட்டை எடுத்து வந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனார்.

அதே செவ்வாய் காலை பத்து மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைக் காரில் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. குரூப் பார்த்தேன். ஓ நெகட்டிவ். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். கேட்ட இடங்களில் அப்போது அந்த ரத்தம் இருப்பில் இல்லை. அவர் புருஷனுக்குப் பார்த்தேன், கூட வந்தவர்களுக்குப் பார்த்தேன். யாருக்கும் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒங்க மதினி?" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் பறந்தேன். ஒரு பழைய டி.வி.யில் ஒயர் மாட்டி, கடையில் இருந்த ஏதோ ஒரு மின்சாரப் பெட்டியிலிருந்து பாய் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்திருந்தார். எங்கள் அடாப்டர் தண்ணீரில் போய்விட்டது. திரையில் எழுத்துகள் தெரிந்தன. உயிர் வந்திருந்தது.

"மதினி, ஓ நெகட்டிவ். ஒடனே வேணும்."

மதினி பரவைக் கேசட்டைக் கையில் எடுத்தார். ஆனால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த ரெக்கார்டரில் போடவில்லை. பாயிடம் கொடுத்து, "மொதல்ல இதுக்கு ஒரு காப்பி எடுங்க" என்றார். பாட்டுக் கேசட்டுகளைப் பிரதி எடுக்கிற இரட்டை டெக் ஒன்று அந்தக் கடையில் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்க ஒரு உசிரு போய்க்கிட்டிருக்கு மதினி! காப்பி எடுக்க இதுவா நேரம்?"

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. இது அறுந்துச்சுன்னா ஆரைப் போயிக் கேப்பீங்க?"

பாய் டெக்கில் கேசட்டைப் போட்டார். நாலு நிமிடம் ஓடியது. நான் கடைக்கும் சந்துக்கும் நடந்தேன். பிரதியை ரெக்கார்டரில் போட்டார்கள். கரகரவென்று ஆரம்பித்தது. பாதியில் சத்தம் குழறி, இழுத்து, நின்றது. பாய் மூடியைத் திறந்தார். மழை ஈரத்தில் ஊறியிருந்த ரப்பர் உருளை நாடாவைச் சுற்றி இழுத்து, பாக்குப் போல மென்றிருந்தது. கசங்கிய நாடா அவர் விரலில் தொங்கியது.

மதினி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பாய், உருளையை மாத்துங்க. இன்னொரு காப்பி எடுத்துருவோம்" என்றார்.

"யா அல்லா, இது மட்டும் அசலா இருந்திருந்தா..." என்று பாய் முணுமுணுத்துக்கொண்டே புது உருளையைத் தேடினார்.

இன்னொரு நாலு நிமிடம். இந்தத் தடவை நான் நடக்கவில்லை, வாய் திறக்கவும் இல்லை. அசல் கேசட் மதினியின் மடியில் பத்திரமாக இருந்தது. இரண்டாம் பிரதி முழுதாக ஓடியது. மதினி குரூப்பைத் தட்டினார். ஐந்து பெயர்கள். ஒருவர் போன வாரம்தான் கொடுத்தவர், அது இன்னும் இந்தக் கேசட்டில் ஏறவில்லை. ஒரு பெண் மாற்றலாகிப் போய்விட்டதாக மதினிக்குத் தெரியும். இன்னொருவருக்கு மஞ்சள் காமாலை என்று எனக்குத் தெரியும். மிச்சம் இரண்டு பேர். ஒருவர் பஸ் கண்டக்டர். இன்னொருவர் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்.

"கண்டக்டர் ஒங்களுக்கு. மார்க்கெட்டுக்கு நான் போறேன்" என்று மதினி ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நோட்டைப் பார்த்து, அந்த வண்டி திண்டுக்கல்லிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, அரை மணி ஆகும் என்றார். மழைத் தண்ணீரால் அது முக்கால் மணி ஆனது. பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகவே கத்தினேன். கண்டக்டர் டிக்கெட் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "ஏறுறேன், மிதிங்க அண்ணே" என்று என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். காரணம்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூட்டை தூக்குகிறவர் ஏற்கெனவே கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தார். மேலெல்லாம் வெங்காயத் தோல். "எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க தம்பி. டீச்சர் வந்து கூப்புடுறாக, வராம இருப்பமா?" என்றார். இரண்டு பேர் ரத்தத்தையும் அந்தப் பெண்ணின் ரத்தத்தோடு சேர்த்து ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். ஒத்துப்போனது.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் புருஷனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். மதினி வராந்தாவில் நின்றிருந்தார். அந்த மனிதர் எழுந்து டாக்டரைக் கும்பிட்டார், கண்டக்டரைக் கும்பிட்டார், என்னையும் கும்பிட்டார். பையும் கையுமாக நின்ற மதினியை யாருடைய சொந்தமோ என்று நினைத்திருப்பார். நான் சொல்லப் போனேன். மதினி வேண்டாம் என்று தலையசைத்தார். "அந்தப் புள்ளையப் பாத்தீங்களா? பொம்பளப் புள்ள. நல்லா அழுகுது" என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அண்ணன் லீவில் வரும் நாட்களில்கூட நான் பார்த்ததில்லை.

பாய் கடைக்குத் திரும்பிப் போய்ப் பட்டியல் முழுவதையும் பார்த்தபோதுதான் மதினிக்கு இன்னொன்று தெரிந்தது. பரவைக் கேசட் இரண்டு வாரம் பழையது. வெள்ளத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மதினிக்குக் காய்ச்சல். புதுக் கேசட்டை என்னிடம் கொடுத்து, பரவையில் சேர்த்துவிடச் சொன்னார். நான் சினிமாவுக்குப் போய்விட்டு, அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேசட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்த இரண்டு வாரத்தில் சேர்ந்த பதினோரு பேர் எங்கேயும் இல்லை. நாடாவும் சேறு, சீட்டும் சேறு. டி.வி.யைத் தூக்கியதையும் சேர்த்து அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பதினோரு பேரா?" என்று மட்டும் கேட்டார். நோட்டை எடுத்து, ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். ஒருவர் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்ப்பவர். ஒருவர் பெயர் தெரியாது, வலது புருவத்தில் தழும்பு. ஒருவர் மில்லில் இரண்டாம் ஷிப்ட். அடுத்த மூன்று வாரம் நாங்கள் அந்தப் பதினோரு பேரைத் தேடி அலைந்தோம். சைக்கிளில் அவரைப் பின்னால் வைத்து மிதித்தது நான்தான். ஒன்பது பேர் கிடைத்தார்கள். இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த இரண்டு பேரைப் பற்றி வெகுகாலம் பேசிக்கொண்டே இருந்தார். கிடைத்த நானூற்றுச் சொச்சத்தைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கடைசி ஆளைக் கண்டுபிடித்த அன்று வெயில் அடித்தது. சேறு கழுவிய வீட்டில் மேசை மறுபடி நின்றது. மதினி ஒன்பது பேரையும் அடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? இம்புட்டு நாளா இம்புட்டுப் பேரைச் சேத்தோம். ஒங்க பேரு இதுல இல்லையே."

நான் தரையைப் பார்த்தேன். தினமும் ஊரார் விரலில் குத்துகிறவனுக்கு ஊசி என்றால் பயம் என்று எப்படிச் சொல்வது? என் குரூப் என்ன என்றுகூட நான் பார்த்துக்கொண்டதில்லை.

மதினிக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. என் பையிலிருந்து கண்ணாடித் துண்டையும் மருந்துக் குப்பிகளையும் எடுத்து மேசையில் வைத்தார். "எப்படிக் குத்துறதுன்னு சொல்லுங்க. நான் குத்துறேன்" என்றார்.

கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பி பாசிட்டிவ். மதினி என் பெயரைத் தட்டினார், விலாசத்தில் எங்கள் வீட்டையே தட்டினார். பிறகு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த எட்டு நிமிடமும் நானும் உட்கார்ந்திருந்தேன்.